சோதனைக் குழாய் பிடிக்காத விஞ்ஞானிகள்!



கொத்தனார் சுவர் எழுப்புவதைப் பார்த்திருக்கிறீர்களா? நூலில் தூக்குக்குண்டைக் கட்டித் தொங்க விடுவார். சுவர் கொஞ்சம் சாய்ந்தாலும், அது காட்டிக் கொடுத்து விடும். வீட்டைப் பார்த்து, 'நன்றாகக் கட்டியிருக்கிறார்' என்று கொத்தனாரைப் பாராட்டுகிறோம். தூக்குக்குண்டை யோசித்துச் செய்தவரை நினைக்கிறோமா?

அறிவியலிலும் இதே கதை தான். கண்டுபிடித்தவருக்குக் கைதட்டல், கருவி செய்து கொடுத்தவருக்கு ஒன்றுமில்லை. இது சரியில்லை என்பது என் கருத்து. ஏன் தெரியுமா?

அமெரிக்காவில் உள்ள எம்.ஐ.டி., கல்வி நிறுவனத்தில், 2003 ஜனவரியில், மாணவர்களுக்கு ஒரு குறுகிய பாடம் துவங்கியது. அது, 2004ல், ஐந்து குழுக்கள் பங்கேற்ற போட்டியாக மாறியது. அதன் பெயர், 'ஐஜெம்!' இப்போது, பல நாடுகளிலிருந்து நூற்றுக்கணக்கான மாணவர் குழுக்கள் கலந்து கொள்கின்றன. உயர்நிலைப் பள்ளி மாணவர்களும் உண்டு.

இங்கே என்ன செய்வர்? டி.என்.ஏ., துண்டுகளைச் செங்கல் போல அடுக்கி, பாக்டீரியாவுக்குப் புதுவேலை கற்றுக் கொடுப்பர். 2006ல், ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலை மாணவர்கள், குடிநீரில் ஆர்சனிக் என்ற நஞ்சு கலந்திருப்பதைக் காட்டும் பாக்டீரியாவை வடிவமைத்தனர்.

டி.என்.ஏ.,வில், ஏ, டி, ஜி, சி என்று நான்கே எழுத்துகள். துண்டுகளை ஒட்ட, முதலில் அவற்றின் முனைகளை வெட்ட வேண்டும். வெட்டும் கத்தரிக்கோல், நொதி. அதில் ஒன்று, 'ஜிஏஏடிடிசி' என்ற சொல்லைக் கண்டால் தான் வெட்டும். அதே சொல் துண்டின் நடுவிலும் இருந்தால்? அங்கேயும் வெட்டி, வேலையைக் கெடுத்து விடும்!

ஆயிரக்கணக்கான எழுத்துகளில் அதைக் கண்ணால் தேட முடியுமா? கணினிக்கோ நொடி வேலை. இதற்காகத் தான், சில குழுக்கள் சோதனைக் குழாயைப் பிடிக்காமல், மென்பொருள் எழுதுகின்றன.

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலை மாணவர் குழு, 2009ல், 'யூஜின்' என்ற கணினி மொழியை உருவாக்கியது. 'இந்தத் துண்டு அதற்கு முன்னால் வர வேண்டும். இவை இரண்டும் சேர்ந்து வரக் கூடாது' என்று அதில் விதி எழுதலாம். விதியை மீறி அடுக்கினால், தவறு என்று சொல்லி விடும். டி.என்.ஏ.,வுக்கு ஒரு தூக்குக்குண்டு!

'பாக்டீரியாவையே தொடாதவர்களுக்கு உயிரியல் போட்டியில் என்ன வேலை?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி தான். பாக்டீரியா வளர ஓர் இரவு காத்திருக்க வேண்டும். அடுக்கியது தவறு என்று பிறகு தெரிந்தால், நாளும், மருந்தும் வீண். அந்தத் தவறை முன்பே தடுப்பவர், சோதனையில் பாதியைச் செய்தவர் ஆகிறார். அதுமட்டுமா... ஒரு சோதனை, ஒரு கேள்விக்குத் தான் பதில் தரும். நல்ல கருவியோ, அடுத்து வரும் எத்தனையோ குழுக்களுக்கு உதவும். அதனால் தான் ஐஜெமில், மென்பொருளுக்குத் தனிப் பரிசு வைத்துள்ளனர்.

ஆனால், ஒன்று. நாம் சொன்ன விதி மட்டுமே கணினிக்குத் தெரியும். உயிருள்ள செல், அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எனவே, கருவி செய்பவர் ஆய்வகத்துக்குப் போய், 'உங்களுக்கு எங்கே சிக்குகிறது?' என்று கேட்க வேண்டும். செய்ததை எல்லாரும் பயன்படுத்தும்படி கொடுக்கவும் வேண்டும். பரிசு வாங்கியதும் மூட்டை கட்டி வைத்தால், யாருக்கு லாபம்?

உங்கள் வகுப்பிலும் இப்படி ஒருவர் இருப்பார். செடியின் உயரத்தை அளக்க, குச்சியில் கோடு போட்டுத் தந்திருப்பார், அட்டவணை வரைந்திருப்பார். அடுத்த அறிவியல் கண்காட்சியில், உங்கள் அட்டையில் அவர் பெயரையும் எழுதுங்கள். கடைசியில், சின்ன எழுத்தில் அல்ல... உங்கள் பெயருக்குப் பக்கத்திலேயே!