நடுப்படியை எடுத்தவர் யார்?

வல்லக்கோட்டைத் தோழனே!

அமெரிக்காவிலே கூட்டரசுக் குற்றங்களுக்கு ஒரு நீதிமன்ற வரிசை; மாநிலக் குற்றங்களுக்கு வேறொன்று. இங்கோ செஷன்ஸ் கோர்ட், ஐகோர்ட், சுப்ரீம் கோர்ட் என ஒரே ஏணி. ஆயினும், டில்லி நினைத்தால் நடுப்படியையே எடுத்துவிடும்!

உன் ஊருக்கு அண்மையிலே, திருப்பெரும்புதூரில், 1991 மே 21-இல் இராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். கொடுஞ்செயல்; மறுப்பாரில்லை. துப்புத் துலக்கியது சி.பி.ஐ.; பாய்ந்த சட்டம் 'தடா'. போலீஸ் சூப்பிரண்டெண்டிடம் தந்த வாக்குமூலமே சாட்சியம். அப்பீலுக்கு ஐகோர்ட் கிடையாது! 1998-இல் பூந்தமல்லித் தனிநீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு என்றது. 1999-இல் சுப்ரீம் கோர்ட், தடா பொருந்தாது என்றுரைத்து, 19 பேரைக் கொலைக் குற்றத்தினின்று விடுவித்தது. ஐகோர்ட்டுக்குச் செல்ல வழியின்றி அந்தப் பத்தொன்பதின்மர் தூக்குக்கயிற்றின் நிழலிலே கிடந்தனரே, யார் பொறுப்பு?

தடா 1995-இல் மடிந்தது. 2008-இல் வந்தது தேசியப் புலனாய்வு முகமைச் சட்டம். ஐகோர்ட் அப்பீல் உண்டு, ஒப்புக்கொள்வோம். ஆனால், காவல்துறை மாநிலப் பட்டியலில் இருக்க, பட்டியலிட்ட குற்றமெனில் மாநிலத்தைக் கேளாமலே வழக்கைக் கைப்பற்றலாமாம்!

குற்றவாளிக்குப் பரிவா என்பர். அன்று, தோழனே! குற்றமற்றவன் கழுத்துக்குக் காவல். மாநில இசைவின்றி வழக்கு மாறலாகாது என, ஊர்தோறும் முழங்கு!