பார்த்துச் சொன்னதற்கு என்ன கூலி?



நானும் அக்கா மகனும் வேனுக்கு அடியில் படுத்திருக்கும் போட்டோவை யாரோ குடும்ப குரூப்பில் போட்டுவிட்டீர்கள். அன்றிலிருந்து போன் ஓயவில்லை. "இந்த வயசுல உங்களுக்கு இது தேவையா சார்" என்று பாதிப் பேர். "சூப்பர் சார், எல்லாம் யூடியூப்லயே இருக்கு, மெக்கானிக்குக்கு எதுக்குத் தண்டம் அழணும்" என்று மீதிப் பேர். இரண்டு கட்சிக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். வகுப்பிலேயே என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள், இதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா மகன் ஓட்டுவது பழைய டீசல் வேன். கல்யாணம், காதுகுத்து, அமாவாசைக்கு அமாவாசை மேல்மலையனூர். பிரம்மதேசத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு திண்டிவனம், செஞ்சி வழியாகப் போய், ஊஞ்சல் உற்சவம் முடிந்து விடியற்காலையில் திரும்புவான். அப்படித் திரும்பிய ஒரு நாள் ஸ்டியரிங் இறுகிவிட்டது. திருப்பும்போதெல்லாம் மாவு மெஷின் மாதிரி ஒரு முனகல். பவர் ஸ்டியரிங் போய்விட்டால் வண்டி திரும்பாமலே போய்விடாது; சக்கரத்துக்கும் ஸ்டியரிங்குக்கும் இரும்புத் தொடர்பு அப்படியே இருக்கும். ஆனால் ஒரு விரலால் திருப்பிப் பழகிய கை, வளைவில் திடீரென்று முழு பலத்தையும் போட வேண்டி வந்தால் என்ன ஆகும்? பின்னால் பன்னிரண்டு பேர் தூங்கிக்கொண்டு வருகிறார்கள்.

வொர்க்ஷாப்பில் காட்டினான். பானெட்டைத் திறந்து, சத்தத்தைக் கேட்டு, இரண்டு நிமிஷத்தில் சொல்லிவிட்டார்கள்: "பம்பு போச்சு. புதுசு மாத்தணும். கூலியோட பதினாறாயிரம்." மாசக் கடைசி. வேன் தவணை வேறு. மூன்று நாள் வீடியோ பார்த்தான். சென்னை புதுப்பேட்டைக்குப் போய் 4,500 ரூபாய்க்கு ஒரு பழைய பம்பு வாங்கி வந்தான். "மாமா, நீங்க ஸ்பேனர் எடுத்துக் குடுத்தா போதும், நானே மாத்திடுவேன்" என்றான்.

மாற்றவும் செய்தோம். வேலை ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலையில்லை. பெல்ட்டைத் தளர்த்தி எடுக்க வேண்டும். எண்ணெய் வரும் தடித்த ரப்பர் ஓஸ் ஒன்று, அழுத்தத்தோடு போகும் குழாய் ஒன்று, இரண்டையும் கழற்ற வேண்டும். தாங்கியின் போல்ட் மூன்றை அவிழ்த்தால் பம்பு கையோடு வந்துவிடும். வண்டி பழசு என்பதால் ஒரு போல்ட் மட்டும் அரை நாளை விழுங்கியது. அன்று சாயங்காலம் ஸ்டியரிங் வெண்ணெயாகத் திரும்பியது. அக்கா இரண்டு பேருக்கும் கேசரி கிண்டிக் கொடுத்தாள்.

ஒன்பதாவது நாள் முனகல் திரும்பி வந்தது.

அப்போதுதான் திண்டிவனத்தில் ஷெட் வைத்திருக்கும் என் பழைய மாணவனுக்குப் போன் போட்டேன். பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான். கடைசி பெஞ்சு. அவனிடம் ஒருநாள் வகுப்பில் நான் சொன்னதை உங்களில் சிலர் மறந்திருக்க மாட்டீர்கள்: "நீயெல்லாம் மெக்கானிக் ஷெட்ல ஸ்பேனர் எடுத்துக் குடுக்கத்தான்டா லாயக்கு." வேனுக்கு அடியில் அக்கா மகனுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது எனக்கும் அது நினைவு வந்தது.

நடந்ததையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், பம்பு செத்துப்போச்சு, சரி. எதனால செத்துச்சுன்னு யாராவது பாத்தீங்களா?" என்றான்.

யாரும் பார்க்கவில்லை. வொர்க்ஷாப்பில் பார்க்கவில்லை, வீடியோவில் சொல்லவில்லை, முப்பது வருஷம் பாஸ்கல் விதி நடத்திய எனக்கும் தோன்றவில்லை.

பிறகு கேள்வி மேல் கேள்வி. ஒரு பக்கம் திருப்பினால் மட்டும் இறுகுகிறதா, இரண்டு பக்கமுமா? ஒரு பக்கம் மட்டும் என்றால் கோளாறு கீழே கியர் பாக்ஸ் பக்கம், பம்பைத் தொடவே வேண்டாம். கீச்சென்று கத்துகிறதா, முனகுகிறதா? கத்தினால் பெல்ட். ஸ்டியரிங்கைக் கடைசி வரை ஒடித்துப் பிடிக்கும்போது மட்டும் உஸ்ஸென்று சத்தம் வந்தால் அது நோயே இல்லை. அழுத்தம் எல்லை மீறாமல் இருக்க உள்ளே ஒரு வால்வு திறக்கிறது, அவ்வளவுதான். கடைசியாகக் கேட்டான்: "எண்ணெய் டப்பா மூடியத் திறந்து பாருங்க சார். நுரை இருக்கா?"

இருந்தது. டிகிரி காபி மாதிரி நுரை.

"பம்புக்கு எண்ணெய் வர்ற ஓஸ் எங்கயோ காத்து இழுக்குது சார்."

எண்ணெய் ஒரு சொட்டுக்கூடத் தரையில் ஒழுகவில்லையே என்றேன். அவன் சொன்ன பதிலைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். அது உறிஞ்சுகிற பக்கம். வண்டி ஓடும்போது அந்த ஓஸுக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. வெடிப்பு இருந்தால் எண்ணெய் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். உறிஞ்சு குழலை வைத்துக்கொண்டு இதே பாடத்தைத்தானே நான் அவனுக்கு நடத்தினேன்? நான் கரும்பலகையோடு விட்டதை அவன் ஷெட் வரை கொண்டுபோயிருக்கிறான்.

ஓஸைக் கழற்றிப் பார்த்தோம். ரப்பர் கட்டையாக இறுகி, கிளாம்ப் கடிக்கும் இடத்தில் மயிரிழை மாதிரி வெடிப்பு. கையால் தடவினால் லேசான பிசுபிசுப்பு. 180 ரூபாய் ஓஸ்.

பழைய பம்பைத் திண்ணையில் செய்தித்தாள் விரித்துப் பிரித்துப் பார்த்தேன். அழகான பொருள். நடுவில் சுழலும் உருளை, அதில் வரிசையாகப் பிளவுகள், ஒவ்வொரு பிளவிலும் தகடு ஒன்று. உருளை சுற்றும்போது தகடுகள் வெளியே தள்ளப்பட்டு, முட்டை வடிவ வளையத்தின் உள்சுவரை உரசிக்கொண்டே எண்ணெயை நெட்டித் தள்ளும். உரசலுக்கு எண்ணெய்தான் மெத்தை. எண்ணெயில் காற்று கலந்தால் மெத்தையில் ஓட்டை. என் பம்பின் உள்சுவர் முழுக்கக் கீறல். அந்தக் கீறலில் உதிர்ந்த பொடிதான் எண்ணெயோடு கலந்து சுற்றிக்கொண்டிருந்தது. நாங்கள் அதே எண்ணெயை வடிகட்டித் திரும்ப ஊற்றியிருந்தோம், சிக்கனம்! புதுப்பேட்டை பம்பு இன்னும் ஒரு மாசம் ஓடியிருந்தால் அதற்கும் இதே கதிதான்.

இந்தச் சமாசாரத்தை 1926-லேயே பிரான்சிஸ் டேவிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஒரு காரில் பொருத்தி ஓட்டிக் காட்டிவிட்டார். விற்பனைக்கு வந்த காரில் அது இடம்பிடிக்க 1951 ஆனது, கிரைஸ்லர் இம்பீரியலில். நம் பக்கம் இன்னும் தாமதம். பஸ் டிரைவர்கள் இருக்கையிலிருந்து பாதி எழுந்து, உடம்பையே ஸ்டியரிங்கில் போட்டுத் திருப்பியதைப் பார்த்தே நம்மில் பலர் வளர்ந்தோம்.

சரி, என் கருத்துக்கு வருகிறேன்.

வீட்டில் செய்யலாமா என்று கேட்டால், தாராளமாகச் செய்யலாம். ஆனால் வண்டியைச் செங்கல் அடுக்கி நிறுத்தாதீர்கள், வெறும் ஜாக்கியை நம்பியும் அடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு வேண்டும். பழைய எண்ணெயை முழுவதும் வடித்துவிட்டு, மூடியில் எழுதியிருக்கும் வகையையே ஊற்றுங்கள். முன்சக்கரங்களைத் தூக்கி, என்ஜினைப் போடாமல், ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இருபது தடவையாவது மெதுவாகத் திருப்பிக் காற்றை வெளியேற்றுங்கள். எண்ணெய் இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே இருங்கள். அவசரத்தில் இதைத்தான் நாங்கள் முதல் தடவை ஒப்புக்குச் செய்தோம். எல்லாம் முடிந்த பிறகு, ஆள் ஏற்றுவதற்கு முன், தெரிந்தவர் ஒருவர் கண்ணில் வண்டியைக் காட்டுங்கள்.

என் மனசில் உறுத்துவது வேறு. அவன் போனில் இருபது நிமிஷம் பேசினான். அந்த இருபது நிமிஷத்துக்கு முன்னால் நாங்கள் செலவழித்தது 4,500 ரூபாயும் இரண்டு பேருடைய இரண்டு நாளும். இருபது நிமிஷத்துக்கு என்ன கொடுத்தோம்? "தேங்க்ஸ்ப்பா" என்று போனை வைத்தேன். பிறகு வெட்கப்பட்டு 500 ரூபாய் அனுப்பினேன். திருப்பி அனுப்பிவிட்டான்.

நேரில் போய்க் கேட்டேன். என் காசை வேண்டாமென்றது மரியாதை, சரி. மற்றவர்களிடம் என்ன வாங்குகிறாய் என்றேன். சிரித்தான். "பாத்துச் சொல்றதுக்கு யார் சார் காசு குடுக்கறாங்க? ஒரு மணி நேரம் தேடி ஓஸ்தான் கோளாறுன்னு கண்டுபிடிச்சா, ஓஸுக்கு நூத்தி எம்பது, மாட்டினதுக்கு அம்பது, அதுலயும் முப்பது குறைச்சுக்கோன்னு நிப்பாங்க. பம்பு மாத்துறேன்னு சொன்னா பேசாம பத்தாயிரம் எடுத்து வைப்பாங்க."

இதை யோசித்துப் பாருங்கள். டாக்டர் நாடி பார்த்தால் மருந்துக்கு முன்னாலேயே பீஸ் வைக்கிறோம். ஜாதகம் பார்த்துச் சொல்பவருக்கு வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துக் கொடுக்கிறோம், பலித்ததா என்று கூடப் பார்ப்பதில்லை. மெக்கானிக்குக்கு மட்டும் கையில் பொருள் தெரிந்தால்தான் காசு. அப்புறம் அவர் எதற்குத் தேட வேண்டும்? பொருளை மாற்றுகிறவர் பிழைக்கிறார், தேடிச் சொல்கிறவர் நஷ்டப்படுகிறார். ஏமாற்றுகிற மெக்கானிக்கே கிடையாதா என்று என் தம்பி கீழே வந்து எழுதுவான். இருக்கிறார்கள். ஆனால் நாம் கூலி கொடுக்கிற முறை அவர்களுக்குத்தான் தோதாக இருக்கிறது. எங்களுக்குப் பம்பு போச்சு என்று சொன்ன வொர்க்ஷாப் பொய் சொல்லவில்லை. பம்பு போயிருந்தது உண்மை. மேற்கொண்டு தேடுவதற்கு நாங்கள் காசு கொடுப்போம் என்று அவர்களுக்கு யார் சொன்னது?

"வண்டி பார்க்கக் கட்டணம் 300 ரூபாய் என்று வாசலில் போர்டு மாட்டேன்" என்றேன். "மாட்டினா அன்னிக்கே எதிர்க் கடைக்குப் போயிடுவாங்க சார்" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. எதிர்க் கடைக்காரரும் என் மாணவர்தான் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அவரிடமும் பேசியிருக்கிறேன். இரண்டு பேரும் ஒரே நாளில் போர்டு மாட்டினால் என்ன என்று கேட்டேன், இன்னும் பிடிகொடுக்கவில்லை. திண்டிவனத்தில் வண்டி விடுகிறவர்கள் நீங்களாகவே கேளுங்கள்: "பார்த்துச் சொல்ல எவ்வளவு?" நான்கு பேர் கேட்டால் போர்டு தானாக வரும்.

அந்தப் பழைய பிள்ளையிடம் நான் பேசிய பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டேனா என்று ஒரு மாணவி கேட்டாள். கேட்டேன். "நீங்க அப்படிச் சொன்னது எனக்கு ஞாபகமே இல்ல சார்" என்றான். ஞாபகம் இருக்கிறது, முகத்தில் தெரிந்தது.

வேன் அதற்கப்புறம் இரண்டு அமாவாசை போய் வந்துவிட்டது. எண்ணெய் அளவு இறங்கவில்லை, நுரையும் இல்லை. பிரித்த பம்பு என் திண்ணையில் ஒரு டப்பாவில் இருக்கிறது. ஐ.டி.ஐ. படிக்கும் பிள்ளைகள் யாருக்காவது வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள்ளலாம். தகடு ஒன்று குறைகிறது, பேரன் விளையாட எடுத்துப் போனான், தேடிக்கொண்டிருக்கிறேன்.