வாப்பாவின் பென்ஸும் வாரிசுகளின் பங்கும்

ஓடாத வாகனத்துக்குச் செலவில்லை என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். வியாபாரக் கணக்கில் இது பிழை. கடையில் விலைபோகாமல் கிடக்கும் சரக்கும் முற்றத்தில் ஓடாமல் கிடக்கும் காரும் ஒன்றுதான். இரண்டிலும் காசு முடங்கிக் கிடக்கிறது. இரண்டையும் ஈரமும் எலியும் தின்கின்றன.

இதை இந்த வாரம் எழுதக் காரணம், வெலிமடைப் பக்கத்தில் எனக்கு நன்கு தெரிந்த ஒரு குடும்பம். பெயர் வேண்டாம். தகப்பனார் மரக்கறி வியாபாரத்தில் முன்னேறிய மனிதர். ஒரு காலத்தில் பழைய பென்ஸ் 240 டி கார் ஒன்றை வாங்கி, வெள்ளிக்கிழமைகளில் அதில்தான் பள்ளிக்கு வருவார். அவர் மௌத்தாகி ஆறு வருடம். கார் அன்றிலிருந்து படங்குக்குக் கீழே கிடக்கிறது. "வாப்பாட ஞாபகம், செய்து ஓட்டுவோம்" என்கிறார் மூத்த மகன். "வித்துப்போட்டுப் பங்கு வைப்போம்" என்கிறார் இளையவர். பதுளையில் வாழ்க்கைப்பட்ட மகள் வாயே திறப்பதில்லை. "ஹாஜியார், நீங்க ஒரு முடிவச் சொல்லுங்க" என்று உம்மா என்னிடம் சொல்லியனுப்பினார். இந்தப் பிரச்சினை ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதல்ல என்பதால் என் கருத்தை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

மலிவு ஏன் மலிவாக இருக்கிறது?

ஆடம்பரக் காரின் விலை அதன் வயதைப் பார்த்து இறங்கும். அதன் உதிரிப்பாகத்தின் விலையோ அதன் பெயரைப் பார்த்து ஏறும். இந்த இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில்தான் கார் படங்குக்குக் கீழே போகிறது. அங்கிருந்து அதை எடுப்பவர் விலை குறைந்த காரை வாங்குகிறார். ஆனால் விலை குறையாத செலவையும் சேர்த்தே வாங்குகிறார்.

இதில் டொலரும் சேர்ந்துகொண்டது. 2022 மார்ச்சில் ரூபாவின் பெறுமதி மிதக்கவிடப்பட்ட பின்னர், 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்துக்குள் 350 ரூபாவைத் தாண்டியது. ஜேர்மனியிலிருந்து வரும் ஒரு சிறிய றப்பர் வளையத்துக்கும் இந்தக் கணக்குத்தான். எரிபொருளும் அப்படியே. 2021 டிசம்பரில் 121 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் ஓட்டோ டீசல், 2022 ஜூனில் 460 ரூபாவுக்குப் போனது. பின்பு கியூ.ஆர். முறை வந்தபோது ஒரு காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர்தான் ஆரம்பத்தில் கிடைத்தது.

மறுபக்கத்தில், 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதால் நாட்டில் சில்லு பூட்டிய எதற்கும் விலை வந்தது. பழைய கார்களைத் திருத்தியவர்கள் அந்த நாட்களில் இலாபம் பார்த்தார்கள். ஆனால் 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் இறக்குமதி திறந்துவிடப்பட்டது. வரி கடுமையானதுதான், ஆனாலும் "வேறு கார் கிடைக்காது" என்ற நிலைமையை நம்பிப் போட்ட கணக்கை இனிப் போட முடியாது.

பெயர் பெற்ற கார்தான், ஆனால்

இந்த வகை பென்ஸைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. 1976 முதல் 1985 வரை தயாரிக்கப்பட்ட இந்த வரிசையில் சுமார் 27 இலட்சம் வாகனங்கள் வெளிவந்தன. மொரோக்கோவில் இவை பல தசாப்தங்களாகப் பெரிய டாக்ஸிகளாக ஓடின. 2014இல் அங்குள்ள அரசாங்கம் பழைய டாக்ஸிகளை மாற்ற மானியம் கொடுக்கத் தொடங்கும் வரை, வீதிகளில் இவைதான் நிறைந்திருந்தன.

ஆனால் அங்கே அவை ஓடியதற்குக் காரணம் இரும்பின் தரம் மட்டுமல்ல. ஊருக்கு ஊர் அதே கார். அதனால் தெருவுக்குத் தெரு அதைத் தெரிந்த மெக்கானிக், அதற்குரிய பழைய பாகம். நமது ஊவாவில் அந்தக் கூட்டம் இல்லை. நம் பாஸ்மார் யப்பான் என்ஜினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார்கள். இந்த பென்ஸ் டீசல் என்ஜினையோ வெற்றிட அழுத்தம்தான் நிறுத்துகிறது. ஒரு குழாய் வெடித்துக் காற்றுப் புகுந்தால் சாவியைத் திருப்பினாலும் என்ஜின் நிற்காது. இதை அறியாத ஒருவர் கையில் கொடுத்தால் ஒரு பழுது மூன்றாகும்.

பார்க்க வேண்டிய ஒழுங்கு

பற்றரியைக் கட்டி ஸ்டார்ட் அடித்துப் பார்ப்பதுதான் எல்லோரும் முதலில் செய்யும் வேலை. அதைக் கடைசியில் செய்ய வேண்டும்.

முதலாவது, புத்தகம். கார் யார் பெயரில் இருக்கிறது? நம்மவர்களிடம் "ஓப்பன் பேப்பரில்" கைமாறும் கெட்ட பழக்கம் இருக்கிறது. காசு கொடுத்தவர் ஒருவர், புத்தகத்தில் இருப்பவர் வேறொருவர். அவரும் மௌத்தாகியிருந்தால் அலைச்சல் இரட்டிப்பு. செஸி இலக்கமும் என்ஜின் இலக்கமும் புத்தகத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். வருமான அனுமதிப்பத்திரம் எத்தனை வருடம் நிலுவை என்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள். அதைப் புதுப்பிக்கக் காப்புறுதியும், 2008 முதல் நடைமுறைக்கு வந்த புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும்.

இரண்டாவது, உடல். காரைத் தூக்கி அடியைப் பாருங்கள். என்ஜினை மாற்றலாம், உக்கிப்போன தரைத் தகட்டையும் ஜேக் வைக்கும் இடத்தையும் டின்கரிங் செய்து முடிப்பதற்குள் கை காலியாகிவிடும். நமது பனியும் மழையும் இரும்புக்கு ஆகாது.

மூன்றாவது, பிரேக். நுவரெலியாவிலிருந்து ஹக்கலை தாண்டி வெலிமடைக்கு இறங்கும் பாதையை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆறு வருடம் நின்ற காரில் பிரேக் குழாய்கள், கெலிப்பர், டயர் அனைத்தையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அதன் பின்புதான் என்ஜின். பழைய டீசலை வடித்து, ஒயிலை மாற்றி, கையால் சுழல்கிறதா என்று பார்த்து, கொம்பிரஷனை அளந்த பின்னரே ஸ்டார்ட் அடிக்கலாம்.

யப்பான் டீசல் என்ஜின் ஒன்றைப் போட்டு ஓட்டலாமே என்பார்கள். ஓட்டலாம். ஆனால் அதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும். இல்லையேல் விற்கும் நாளில் மாட்டிக்கொள்வீர்கள். அசல் என்ஜினோடு தேடும் இரசிகர் அதை வாங்கவும் மாட்டார்.

யாருடைய கார்?

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். "வாப்பாட ஞாபகம்" என்ற சொல் இனிமையானது. ஆனால் அந்தக் கார் மூத்தவருடையது அல்ல, இளையவருடையதும் அல்ல. அது பிரிக்கப்படாத சொத்து. நமது ஷரீஅத்தும், அதன்படி பங்கிடச் சொல்லும் 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் இறப்புரிமைச் சட்டமும் அதில் உம்மாவுக்கும் மகளுக்கும் பங்கு உண்டு என்கின்றன.

காணியையும் கடையையும் பிரிக்கும்போது மகளின் பங்கைப் பேசும் நாம், காரையும் லொறியையும் ஆண்பிள்ளைகளின் சாமானாகவே நினைக்கிறோம். அவள் வாய் திறக்கவில்லை என்பதற்காக அவள் விட்டுக்கொடுத்தாள் என்று அர்த்தமில்லை.

கணக்கைப் பாருங்கள். கடனும் வஸிய்யத்தும் தீர்ந்த நிலையில், காரை நின்ற இடத்தில் வைத்தே பார்ட்ஸ் வியாபாரி ஒருவர் 4 இலட்சம் ரூபாவுக்குக் கேட்பதாக உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். உம்மாவுக்கு எட்டில் ஒன்று, 50,000. மீதி 350,000 ரூபாவை ஐந்தாக்கினால் மகளுக்கு 70,000, மகன்மார் இருவருக்கும் தலா 140,000.

ஆகவே என் முடிவு இதுதான். சம்பந்தமில்லாத இரண்டு மூன்று பேரிடம் எழுத்தில் விலை கேளுங்கள். பஞ்சிகாவத்தையில் ஒருவரையும், பழைய பென்ஸ்களை நேசித்து வைத்திருக்கும் ஒருவரையும் கேளுங்கள். பாகமாக ஒரு விலை, காராக ஒரு விலை வரும். கூடிய விலையை எடுங்கள். மூத்தவருக்குக் கார் வேண்டுமென்றால் அந்த விலைக்கு அவரே எடுக்கட்டும். மேலே சொன்ன உதாரணத்தில், தன் பங்கு போக மற்றவர்களுக்கு 260,000 ரூபாவைக் கையில் கொடுத்துவிட்டு எடுக்கட்டும். அதன் பிறகு அவர் செலவழிப்பது அவருடைய சொந்தக் காசு. அதைக் கேட்க யாருக்கும் உரிமை இல்லை. மூன்று மாதத்துக்குள் அவருக்கு முடியாவிட்டால் கார் விற்கப்படட்டும்.

செய்யக் கூடாதது ஒன்றுண்டு. எல்லோருடைய காரையும் ஒருவர் தன் காசில் திருத்தத் தொடங்குவது. பாதியில் காசு முடிந்தால் "நான் இவ்வளவு போட்டேன்" என்பார். ஓடத் தொடங்கினால் "இது என் கார்" என்பார். இரண்டிலும் குடும்பம் உடையும். கூட்டு வியாபாரங்கள் எத்தனையோ இப்படித்தான் நம் கண்முன்னே முறிந்தன.

மூத்தவருக்கு இன்னொரு வார்த்தையும் சொல்வேன். எடுப்பதென்றால் செலவுக்கு உச்ச வரம்பு ஒன்றை முதலிலேயே எழுதி வையுங்கள். அந்தக் காசு கடையின் முதலாக இருக்கக் கூடாது. அடுத்த போகத்து உருளைக்கிழங்கு விதைக்கு வைத்த காசாகவும் இருக்கக் கூடாது. கெப்பெட்டிபொலைக்கு மரக்கறி ஏற்றும் லொறிதான் வீட்டுக்குச் சோறு போடுகிறது. அதன் டயரை ஒத்திப்போட்டு பென்ஸுக்கு டயர் போடுவது நியாயமில்லை.

விற்பதென்றாலும் குறையை மறைக்காமல் சொல்லி விற்றுவிடுங்கள். பங்கை அன்றைக்கே பிரித்து, மகளின் பங்கை அவள் கேட்காமலேயே அவள் கையில் கொடுங்கள். தகப்பனின் பெயரைக் காப்பாற்ற ஓடாத ஒரு காரால் முடியாது. அவருடைய பிள்ளைகள் ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசிக்கொள்வதால்தான் முடியும்.