எழுத்தில்லாப் புத்தகமும் உம்மம்மாவின் கதையும்

 

சென்ற மாதம் மத்ரஸா விட்டு வரும் வழியில் ஒரு தாய் என்னை நிறுத்தினார். மகளுக்கு யாரோ அன்பளிப்பாகக் கொடுத்த சித்திரப் புத்தகம் அவர் கையில் இருந்தது. குகையில் வாழ்ந்த ஆதி மனிதர், வேட்டை, இரவில் நெருப்பைச் சுற்றி அமர்ந்த பிள்ளைகள் என்று அட்டை முதல் அட்டை வரை படங்களே.

"மௌலவி, இதில ஒரு எழுத்தும் இல்லையே! பிள்ளைக்கு நான் என்னத்தை வாசிச்சுக் காட்டுறது? எனக்குப் படிப்பும் குறைவு" என்றார்.

படிப்பு ஏன் குறைந்தது என்று நான் கேட்கவில்லை. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்தை விட்டு உடுத்த உடுப்போடு வெளியேற்றப்பட்ட சமூகம் நாம். அந்தச் சகோதரி புத்தளத்து அகதி முகாமில் பிறந்தவர். கிடுகுக் கொட்டிலில் நடந்த பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவர்.

அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். கதை எழுத்துக்குப் பிந்தியதல்ல. எழுத்துக்கு வெகு காலம் முந்தியது.

நம் சகோதர முஸ்லிம்கள் வாழும் இந்தோனேசியாவில் சுலவேசி என்றொரு தீவு உண்டு. அங்குள்ள குகையொன்றின் சுவரில் ஒரு காட்டுப்பன்றியும், அதைச் சூழ மனிதரைப் போன்ற மூன்று உருவங்களும் தீட்டப்பட்டுள்ளன. ஓவியத்தின் மேல் படிந்த சுண்ணப் படிவை ஆராய்ந்த அறிஞர்கள், அது குறைந்தது 51,200 ஆண்டுகள் பழையது என்று 2024இல் அறிவித்தார்கள். ஒரு நிகழ்ச்சியைச் சொல்லும் ஓவியங்களுள் அதுவரை அறியப்பட்டவற்றில் அதுவே மிகப் பழையதாம். மனிதன் எழுதத் தொடங்கி ஏறக்குறைய ஐயாயிரம் ஆண்டுகளே ஆகின்றன. அதற்கு முன்பெல்லாம் வாயும் கையும்தான் புத்தகம்!

அவ்வளவு தூரம் போவானேன்? நம் யாழ்ப்பாண நகருக்கு அருகே ஆனைக்கோட்டை இருக்கிறதே! அங்கே 1980ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் பழைய ஈமக்குழியொன்றைத் தோண்டியபோது சிறு முத்திரையொன்று கிடைத்தது. அதன் கீழ் வரிசையில் பிராமி எழுத்துகள். 'கோவேத' என்று அறிஞர் வாசித்தனர். மேல் வரிசையிலோ எழுத்தல்ல, குறியீடுகள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் இம்மண்ணில் எழுத்து வந்த பின்னும், குறியீட்டை மக்கள் கைவிடவில்லை. இரண்டும் ஒரே முத்திரையில் குடியிருந்தன.

நமது மார்க்கத்திலும் இதற்கு முன்மாதிரி உண்டு. நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை ஒரு சதுரம் வரைந்தார்கள். அதன் நடுவிலிருந்து வெளியே நீளும்படி ஒரு கோடும், பக்கங்களில் சிறு கோடுகளும் போட்டார்கள். நடுவில் இருப்பவன் மனிதன். சூழ்ந்து நிற்பது அவனது தவணை. வெளியே நீண்டது அவனது ஆசை. சிறு கோடுகள் அவனுக்கு வரும் சோதனைகள் என்று விளக்கினார்கள். புகாரியில் வரும் செய்தி இது. ஒரு சில கோடுகளில் மனித வாழ்வு முழுவதும் அடங்கிவிட்டது!

உருவப்படம் கூடுமா என்று சிலர் கேட்பீர்கள். அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உள்ள விடயம் அது. ஆனால் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சிறு வயதில் பொம்மைகள் வைத்து விளையாடியதை நபியவர்கள் தடுக்கவில்லை. அதனை ஆதாரமாகக் கொண்டு, பிள்ளைகளின் விளையாட்டுக்கும் படிப்புக்கும் இடங்கொடுத்த அறிஞர் பலர்.

முகாமில் இருந்தபோது எனக்குப் பத்து வயது. எங்கள் உம்மம்மாவுக்குக் குர்ஆன் ஓதத் தெரியும். தமிழ் எழுத்துத் தெரியாது. மஃரிபுக்குப் பின் குப்பி விளக்கு வெளிச்சத்தில் ஈர்க்கால் மணலில் கோடு போடுவார். "இது சோனகத்தெரு. இது ஐந்து சந்தி. இது நம்மட வளவு. இதில கிணறு" என்பார். கிணற்றுக்கு மட்டும் ஒரு வட்டம். மறுநாள் காலையில் காற்று எல்லாவற்றையும் அழித்திருக்கும். மாலையில் மீண்டும் கீறுவார். பல வருடங்களின் பின் நான் ஊர் திரும்பியபோது வீட்டில் கூரையில்லை, கதவில்லை. ஆனால் கிணறு எங்கே என்று யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஆகவே சகோதரிகளே, எழுத்தில்லாப் புத்தகம் கிடைத்தால் ஒதுக்கி வைக்காதீர்கள். பிள்ளையை மடியில் இருத்திப் பக்கத்தை மெதுவாகப் புரட்டுங்கள். "இவன் எங்கே போகிறான்? ஏன் பயப்படுகிறான்? அடுத்து என்ன நடக்கும்?" என்று கேளுங்கள். பிள்ளை சொல்லட்டும். நேற்றுச் சொன்ன கதையை இன்று மாற்றிச் சொன்னால் திருத்தாதீர்கள். எழுத்துத் தெரிந்த தாய்க்கும் தெரியாத தாய்க்கும் இந்தப் புத்தகத்தின் முன் வேறுபாடில்லை.

பின்பு புத்தகத்தை மூடிவிட்டு, உங்கள் உம்மாவையும் உம்மம்மாவையும் அருகே அழையுங்கள். ஊர் திரும்பியோர் சிலர். புத்தளத்திலேயே தங்கிவிட்டோர் பலர். 1990க்கு முந்திய நம் தெருக்களைக் கண்ணால் கண்டவர்கள் ஒவ்வொருவராக மௌத்தாகிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கையில் ஒரு பென்சிலைக் கொடுங்கள். கிணறு எங்கே என்று கேளுங்கள். காற்று அழிக்க முடியாத கடதாசியில் அது இருக்கட்டும்.

நம் பிள்ளைகளுக்குச் செவிமடுக்கும் பொறுமையையும், நம் மூத்தவர்களுக்கு நீண்ட ஆயுளையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.