பெயர் மாறிய வன்தட்டு

சென்ற தவணை, மன்னாரில் நம் கல்லூரிக் கணினிக்கூடத்தில் ஒரு மாணவன் கண்கலங்கி நின்றான். பழைய வன்தட்டை அழிப்பதாக எண்ணித் தன் ஒப்படை இருந்த தட்டையே அழித்துவிட்டான். முதல்நாள் ‘எஸ்டிபி’ எனப் பெயர் காட்டிய தட்டு, மறுநாள் ‘எஸ்டிஏ’ ஆகியிருந்தது. அவனைக் கடிந்துகொண்டோம், பின்னர் வெட்கினோம். அப்பெயர் நிலையற்றதென்று வகுப்பில் சொல்லாதவர் நாமே.

லினக்ஸ் பணிசெயல் முறைமையில் ஒவ்வொரு தட்டுக்கும் ‘டெவ்’ என்ற அடைவில் ஒரு சாதனக் கோப்பு உண்டு. கோப்பென்றாலும் உள்ளே எழுத்தில்லை. எந்தச் செலுத்தி, அதன்கீழ் எந்தச் சாதனம் என்று காட்டும் இரண்டு எண்களே. முன்னாளில் இல்லாத சாதனங்களுக்கும் சேர்த்தே இவற்றை ஆக்கி வைத்தனர். வராத விருந்தினர்க்கும் இலை போட்ட பந்தி! 2009இல் வெளிவந்த 2.6.32ஆம் பதிப்பில் சேர்ந்த வசதியால், கணினியை முடுக்கியதும் ‘கேர்னல்’ எனும் கருப்பகுதி, தான் கண்ட சாதனத்துக்கு மட்டும் கோப்பை நினைவகத்தில் ஆக்குகிறது. ‘யூடெவ்’ என்ற துணை நிரல் பின்னர் உரிமைகளையும் மாற்றுப்பெயர்களையும் இடும்.

தட்டுகள் ஒரே வேளையில் விழித்தெழுதலின், முந்தியதே முதற்பெயர் பெறும். பேசாலைக் கரையில் இன்று முதலில் அணைந்த படகு நாளையும் முதலில் வருமா? ஆகவே, அழிக்குமுன் தொடரிலக்கம் தாங்கிய ‘பை-ஐடி’ பெயரை நோக்குக.

மாணவன் ஒப்படையை மீண்டும் எழுதுகிறான். தட்டின்மேல் அதன் தொடரிலக்கத்தை மையால் எழுதி ஒட்டியிருக்கிறான்.