ஏழைக்கு விட்ட கதிர்

பெந்தகோஸ்தே என்றதும் அக்கினி நாவுகளே நம் நினைவுக்கு வரும். அப்போஸ்தலர் அன்று கூடியிருந்ததோ யூதரின் அறுவடைத் திருநாளில். பாஸ்காவை அடுத்து ஏழு வாரம் எண்ணி, புதுக் கோதுமை அப்பம் இரண்டைக் காணிக்கை வைப்பர். இதைக் கூறிய கையோடு லேவியராகமம் (23:22), வயலோரத்தை அறுக்காதே, சிந்திய கதிரை ஏழைக்கு விடு என்கிறது.

இத்திருநாட்கள் வரவிருந்தவற்றின் நிழலே என்றார் புனித சின்னப்பர். ஆகையால் யூத முறைமை நமக்குக் கடமையன்று. ஏழையின் கதிரும் அந்நிழலோடு போயிற்றா? செந்துறைப் பக்கம் கடலைக் கொல்லையில் தப்பிய காய் பொறுக்க வரும் கிழவியை விரட்டியவர் நம்மில் இல்லையா?

இந்நாளில் ரூத்தாகமம் வாசிப்பது யூதர் வழக்கம். நாமும் பிள்ளைகளோடு அதன் இரண்டாம் அதிகாரத்தை வாசிப்போம். பொறுக்க வந்த அந்நியப் பெண்ணுக்காக, அரிக்கட்டிலிருந்து சில கதிர்களை வேண்டுமென்றே உருவிப் போடச் சொன்னான் போவாஸ்.