கன்றின் தொப்புளில் புழுவா? வயல் மருந்தை ஊற்றாதீர்கள்

கேள்வி: எங்கள் கன்று பிறந்து ஆறு நாள் ஆகிறது. தொப்புளில் புழு வைத்துவிட்டது. வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தில் கொஞ்சம் ஊற்றினால் செத்துவிடும் என்கிறார்கள். ஊற்றலாமா? தொழுவத்தைத் தினமும் கூட்டுகிறோம், பிறகு ஏன் வந்தது?
- வாசகர், மணப்பாறை வட்டம்

பதில்: ஊற்றவே கூடாது. குளோர்பைரிபாஸ், புரபனோபாஸ் போன்றவை பயிருக்கு உள்ள மருந்துகள். புண் வழியாக நேரே ரத்தத்தில் கலந்துவிடும். தாய்ப்பசு கன்றை நக்கினால் அதற்கும் ஆபத்து. எச்சில் ஒழுகி, உடல் நடுங்கி, மூச்சுத் திணறிக் கன்று இறந்துபோகலாம். ஏற்கெனவே ஊற்றியிருந்தால், கையுறை போட்டுக்கொண்டு சோப்புத் தண்ணீரால் நன்றாகக் கழுவிவிட்டு உடனே மருத்துவரை அழையுங்கள்.

சாணத்தில் பெருகும் ஈ வேறு, இந்த ஈ வேறு. நீலப்பச்சையாக மினுமினுக்கும் இந்த ஈ, உயிருள்ள விலங்கின் புண் ஓரத்தில்தான் முட்டையிடும். ஒரு தடவைக்கு நூறு, இருநூறு முட்டை. ஒரே நாளில் பொரிந்து, புழுக்கள் தலைகீழாகச் சதையைக் குடைந்து இறங்கும். ஐந்தாறு நாள் தின்றபின் மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகி, மறுபடி ஈயாகும். ஆகவே தொழுவம் சுத்தமாக இருந்தாலும், காயாத தொப்புள், உண்ணி கடித்த இடம், மூக்கணாங்கயிற்றுப் புண், உடைந்த கொம்பு, கோமாரிக் குளம்புப் புண் என எதுவும் அதற்குப் போதும்.

இப்போது செய்ய வேண்டியவை:

1. கால்நடை மருந்தகத்துக்கோ 1962 என்ற எண்ணுக்கோ இன்றே சொல்லுங்கள். தொப்புள் புண் வயிற்றுக்குள் போகக்கூடியது. ஊசி போடுவதும் மருந்தின் அளவும் மருத்துவர் முடிவு.

2. அவர் வரும்வரை, தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைக் கரைத்து, சுத்தமான துணியில் நனைத்துப் புண்மேல் வையுங்கள். புழுக்கள் மேலே வரும். இடுக்கியால் எடுங்கள். ஆழத்தில் குத்திக் கிளற வேண்டாம்.

3. எடுத்த புழுவைத் தரையில் போடாதீர்கள். நன்கு வளர்ந்த புழு மண்ணுக்குள் புகுந்து ஈயாகிவிடும். கொதிநீரில் போட்டுக் கொல்லுங்கள்.

4. புழு முழுவதும் போனபின், புண் ஆறும்வரை தினமும் காலை, மாலை பாருங்கள். ஈ அண்டாமலிருக்க, புண்ணைச் சுற்றி வேப்பெண்ணெய் தடவலாம்.

பெரிய மாட்டின் குளம்புப் புண், தோல் புண்ணுக்கு ஒரு கைமருந்து உண்டு. குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி இலை வகைக்கு ஒரு கைப்பிடி, பூண்டு 10 பல், மஞ்சள்தூள் 20 கிராம். எல்லாவற்றையும் அரைத்து, 500 மி.லி. நல்லெண்ணெயில் காய்ச்சி ஆறவைத்துத் தடவுங்கள். புழு இருந்தால் முதல் நாள் மட்டும் சீத்தா இலை விழுதோ கற்பூரத் தேங்காய் எண்ணெயோ போட்டு, மறுநாள் இதைத் தொடங்குங்கள்.

அடுத்த கன்று பிறக்கும்போது, தொப்புள்கொடியை வயிற்றிலிருந்து இரண்டு அங்குலம் விட்டுச் சுத்தமான நூலால் கட்டி, கட்டுக்குக் கீழே வெட்டி, டிங்சர் அயோடினில் நனையுங்கள். காயும்வரை தினமும் அயோடின் தடவிவாருங்கள். கன்று முதுகை வளைத்துக்கொண்டு பால் குடிக்க மறுத்தாலோ, தொப்புளில் நாற்றமடித்தாலோ அன்றே பார்த்துவிடுங்கள். இரண்டு நாள் தள்ளினால் புழு ஆழத்துக்குப் போய்விடும்.